யெக்லாக்காரர் கிளாஸ் கேட்டார்

பிளாஸ் நத்தைகளைத் தொடவில்லை.

முயல் கறியைச் சாப்பிட்டார். குழம்பில் ஊறியிருந்த ரொட்டித் துண்டுகளை வழித்துச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நத்தைகளை மட்டும் கரண்டியால் தள்ளித் தள்ளித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். என் தம்பி மனைவி ரெமே அதைப் பார்த்தாள். நான் பார்ப்பதையும் பார்த்தாள்.

எங்கள் ஊர் ஹூமியாவில் கஸ்பாச்சோ என்ற இந்த முயல் குழம்பைச் சமைத்தால் நத்தை இருக்கும். நத்தை இருந்தால் உறிஞ்சும் சத்தம் இருக்கும். என் தம்பி ஹினேஸ் உறிஞ்சினால் தெருவுக்கே கேட்கும். பிளாஸின் ஊரான பக்கத்து யெக்லாவிலும் அப்படித்தான். நத்தை விஷயத்தில் இரண்டு ஊருக்கும் சண்டை கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

"என்ன மாப்பிள்ளை, நத்தைங்க உங்களை ஏதாவது சொல்லிடுச்சா?" என்றான் ஹினேஸ். பிளாஸ் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தார், நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அவனாகவே மாப்பிள்ளை ஆக்கிவிட்டான்.

"வயிறு ஒத்துக்க மாட்டேங்குது," என்றார் பிளாஸ்.

"யெக்லா வயிறு. ஹூமியா நத்தைக்குப் பயப்படத்தான் செய்யும்."

எல்லோரும் சிரித்தோம். பிளாஸும் சிரித்தார், கையைத் தாடியின் மேல் வைத்துக்கொண்டு. அவர் எப்போதும் அப்படித்தான் சிரிப்பார். வெட்கம் என்று நான் நினைத்திருந்தேன். அந்த வயதில் ஓர் ஆண் வெட்கப்படுவது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு பொர்ரோன் சுற்றுக்கு வந்தது. எங்கள் வீட்டில் அது இல்லாமல் சாப்பாடு இல்லை. வயிறு பெருத்து, மூக்கு நீண்ட கண்ணாடிக் குடுவை. எச்சில் படாமல் அண்ணாந்து, மூக்கிலிருந்து வரும் மெல்லிய சிவப்புத் தாரையை நேராக வாய்க்குள் வாங்க வேண்டும். இங்கே பிள்ளைகள் தண்ணீர் ஊற்றிப் பழகிக்கொள்வார்கள். ஹினேஸ் குடித்தான். கையை மேலே மேலே உயர்த்தி, ஒயின் தாரை நீண்டு நூலாகும்வரை காட்டிவிட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் நிறுத்தினான். அவனுக்கு இதில் பெருமை அதிகம். பொர்ரோனை பிளாஸிடம் நீட்டினான்.

பிளாஸ் அதை வாங்கவில்லை.

"எனக்கு ஒரு கிளாஸ் கிடைக்குமா?" என்றார்.

"கிளாஸா? தண்ணிக்கா?"

"ஒயினுக்குத்தான்."

ரெமே எழுந்து அடுப்படிக்குப் போனாள். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். கிளாஸ் எடுத்துவரும் சாக்கில் நானும் போனேன்.

"அக்கா, இந்த ஆள் யெக்லாவும் இல்லை, ஒண்ணும் இல்லை." ரெமே குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினாள். "நத்தை உறிஞ்சத் தெரியல. பொர்ரோன் பிடிக்கத் தெரியல. எந்த ஊர்ல பொறந்தது இது? மாட்ரிட்லயா?"

"பேச்சு யெக்லாப் பேச்சுதானே."

"பேச்சா? ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திப் பேசறாரு. மனப்பாடம் பண்ணினவங்கதான் அப்படிப் பேசுவாங்க. நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. சோலார் கம்பெனி ஆளு."

நான் கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நம்ம ஊர் அமாலியாவுக்கு என்ன ஆச்சு? பாதாம் வாங்க வந்தேன்னு ஒருத்தன் உட்கார்ந்தான். காப்பி குடிச்சான், அழுதா கண்ணைத் துடைச்சுவிட்டான். இப்போ அவ நிலம் முழுக்கக் கண்ணாடித் தகடு. உன் தோட்டம் தெற்குப் பார்த்த சரிவு. பக்கத்துலயே மின்கம்பம். நீ தனி ஆள். நான் கம்பெனிக்காரனா இருந்தா உன்னைத்தான் முதல்ல கட்டிக்கிட்டு இருப்பேன்."

"வாயை மூடு," என்றேன். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

கிளாஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிளாஸ் ஒயினை ஊற்றிக்கொண்டார். அவர் குடிப்பதைப் பார்த்துத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முகர மாட்டார், கிளாஸைச் சுழற்ற மாட்டார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க மாட்டார். ஒரு மிடறு வாயில் வாங்கி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு விழுங்குவார். முகத்தில் ஒரு நிம்மதி பரவும். கூட்டுறவு சங்கத்துக் குழாயில் பிடிக்கும் எங்கள் ஒயினை அப்படித்தான் குடிக்க வேண்டும். கறுப்பாக, கெட்டியாக, உலர்ந்த அத்திப்பழமும் கல்லில் காய்ந்த புழுதியும் சேர்ந்த மணத்தோடு, கோடை வெயில் முழுவதையும் வாங்கி வைத்திருக்கும் ஒயின். பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டினால் நாலு மடங்கு விலை சொல்லலாம். நாங்கள் கேன் கொண்டுபோய்ப் பிடித்துவருகிறோம்.

அந்த மத்தியானம் அவர் குடிப்பதை முதல்முறையாக வேறு கண்ணால் பார்த்தேன். கிளாஸின் விளிம்பை எப்போதும் வாயின் வலது ஓரத்தில் வைக்கிறார். நான் உட்காரும் இடம் எப்போதும் அவருக்கு வலது பக்கமாக அமைந்துவிடுகிறது. தற்செயலா? ஒரு மனிதர் தன்னுடைய எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று முடிவு செய்துகொண்டு வந்து உட்கார்ந்தால், மற்ற பக்கத்தில் என்ன இருக்கும்?

அவர் போன பிறகு பாத்திரம் கழுவும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்து அடுக்கினேன்.

நாங்கள் சந்தித்தது கூட்டுறவு சங்கத்தின் ஒயின் குழாயடியில். சனிக்கிழமைகளில் அங்கே மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை, கேன்கள் நிற்கும். கேனை வைத்துவிட்டு எதிர்க் கடையில் காப்பி குடிக்கப் போய்விடுவோம். குழாய்க்காரர் ஒவ்வொன்றாக நிரப்பி ஓரமாக வைப்பார். எல்லாம் ஒரே வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் என்பதால் கைப்பிடியில் அவரவர் வீட்டு அடையாளம் கட்டியிருப்போம். என்னுடையது மஞ்சள் துணிக்கீற்று. அன்றைக்கு நான் திரும்பி வந்தபோது என் கேன் இல்லை. அடையாளமே கட்டாத ஒரு கேன் நின்றது. தாடி வைத்த ஒருவர் என் கேனைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் நின்றிருந்தார். ஓடிக்கூடப் போகவில்லை. நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க, மாறிப்போச்சு," என்றார்.

மஞ்சள் துணி கட்டிய கேனையும் எதுவும் கட்டாத கேனையும் எப்படி மாற்றி எடுக்க முடியும்? அன்றைக்கு இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியதை நான் விரும்பவில்லை.

யெக்லாவிலிருந்து வந்து ஏன் இங்கே ஒயின் பிடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "உங்க ஊர் ஒயின் எங்க ஊர் ஒயினைவிட நல்லா இருக்கு, விலையும் குறைவு," என்றார். எனக்கு அது பாராட்டாகப் பட்டது. இப்போது யோசித்தால், எந்த யெக்லாக்காரன் வாயிலிருந்தும் நான் கேட்டே இராத வாக்கியம் அது. அவர்கள் எங்கள் ஒயினை வண்டிச் சக்கரத்துக்குப் பூசத்தான் ஆகும் என்பார்கள். நாங்கள் அவர்களுடையதை வினிகருக்குப் பதில் சாலட்டில் ஊற்றுவோம் என்போம். சொந்த ஊரின் ஒயினை விட்டுக்கொடுக்கும் மனிதன் ஒன்று பொய் சொல்கிறான், அல்லது அந்த ஊரிலிருந்து ஒளிகிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே மேசையில் என் பதிலைச் சொல்வதாக அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் தோட்டமா, நானா?

வார நடுவில் நானே அவரைத் தோட்டத்துக்கு அழைத்தேன். அங்கே அவரை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. கார்ச்சே மலையின் அடிவாரத்தில், கல்லும் மணலுமான சரிவில், முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத பழைய மொனாஸ்ட்ரெல் திராட்சைச் செடிகள். கிளை வெட்டி முடித்திருந்ததால் ஒவ்வொன்றும் மண்ணுக்குள்ளிருந்து மேலே நீட்டிய ஒரு முறுக்கிய கையாக நின்றது. தண்ணீர் பாய்ச்சுவதில்லை. வெயில்தான் எல்லாம்.

பிளாஸ் செடிகளைத் தொட்டுப் பார்த்தார். வெட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு நெற்றிக்கு மேல் கையை வைத்து மலையைப் பார்த்து, "இங்க சாயந்தரம் எதுவரைக்கும் வெயில் நிக்கும்?" என்று கேட்டார்.

வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்."

சோலார் தகட்டுக்காரன் வேறு என்ன கேட்பான்? கோபம்கூட வரவில்லை, ஒருவித அசதிதான் வந்தது. இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு மனிதர் ஒயின் குடிக்கும் அழகில் மயங்கினேனே என்று.

அப்போது என் நாய் கனேலா ஒரு முயலைக் கண்டு கீழ்ச்சரிவில் பாய்ந்தது. அந்தப் பக்கம் சாலை. என் கையில் சாப்பாட்டுக் கூடை.

"விசில் அடிங்க, விசில் அடிங்க! நின்னுடும்!" என்று கத்தினேன்.

பிளாஸ் உதட்டைக் குவித்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றார். இடது ஓரத்திலிருந்து புஸ்ஸென்று காற்று கசிந்தது, சத்தமே எழவில்லை. நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு, விரல் வைத்து விசில் அடித்தேன். கனேலா நின்றது.

நான் நாயைப் பார்க்கவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் தமியான் ஒருநாள் மாலை இதே சரிவில் நின்று, இதே நாயின் தாயைக் கூப்பிட உதட்டைக் குவித்தார். காற்று மட்டும் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். வயதாகிவிட்டது என்றார். அது முதல் பக்கவாதம் என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது வந்தபோது அவர் படுத்தார். அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. கரண்டியால் ஊட்டும்போது எந்த ஓரத்தில் வைத்தால் வழியாது, எந்தப் பக்கம் துண்டை மடித்து வைக்க வேண்டும், எல்லாம் என் கைகளுக்கு இன்னும் தெரியும். நான் மறந்தாலும் கைகள் மறப்பதில்லை.

நத்தை. பொர்ரோன். தாடி. நிறுத்தி நிறுத்திப் பேசும் பேச்சு. கையால் மறைத்த சிரிப்பு. எனக்குக் காட்டிய வலது பக்கம். ரெமே அடுக்கிய அதே சீட்டுகள்தான். திருப்பிப் போட்டால் வேறு படம்.

கூடையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு பாட்டில் ஒயினும் பொர்ரோனும் இருந்தன. பொர்ரோனில் ஒயினை ஊற்றி அவரிடம் நீட்டினேன்.

"குடிங்க."

"கிளாஸ் இல்லையா?"

"இல்லை."

என்னையே பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. பொர்ரோனை வாங்கி அண்ணாந்தார். தாரை சரியாகத்தான் விழுந்தது, கை பழகிய கை. ஆனால் வாய் அதைப் பிடித்து வைக்கவில்லை. இடது ஓரம் வழியாக ஒயின் தாடிக்குள் இறங்கி, கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனது. அவர் நிறுத்தவில்லை. ஒரு நல்ல மிடறு முழுவதும் குடித்துவிட்டுத்தான் இறக்கினார்.

"எப்போ வந்தது?" என்றேன்.

"போன அறுவடை சமயத்துல. கையும் காலும் திரும்பிடுச்சு. வாய் மட்டும் பாதி திரும்பல."

"அதனாலதான் எங்க ஊருக்கு வந்தீங்களா?"

"எங்க ஊர்க் குழாயடியில என்னைப் பார்த்தா எல்லாரும் ஒதுங்கி வழி விடறாங்க, ஃபுவென்சாந்தா. 'பாவம் பிளாஸ், நீங்க முன்னாடி போங்க'ன்னு. கேனைத் தூக்கிக் கொடுக்க ரெண்டு பேர் ஓடி வராங்க. என்னைத் திட்டினவங்கூட இப்போ நல்லவனாயிட்டான். இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. உங்க தம்பி என்னைக் கிண்டல் பண்ணினாரு பாருங்க, எவ்வளவு நாளாச்சு அப்படி ஒருத்தர் பேசி."

"ஒயின் நல்லா இருக்குன்னது?"

"அது பொய்." கொஞ்சம் யோசித்தார். "விலை குறைவுங்கிறது நிஜம். இப்போ பழகிடுச்சு. நல்லாத்தான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. ஏனென்றால் இப்போதுதான் உண்மையான சந்தேகம் வந்திருந்தது. நிலத்தைத் திருட வந்தவரை விரட்டிவிடலாம். இது வேறு.

"என் வீட்டுக்காரரை நான் எப்படிப் பார்த்துக்கிட்டேன்னு ஊரே சொல்லும். உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்க. அதுக்காகத்தான் வந்தீங்களா? பழகின கை வேணும்னு?"

அவர் தாடியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க யாருன்னே தெரியறதுக்கு முன்னாடி உங்க கேனை எடுத்துட்டேன்."

"மாறிப்போச்சுன்னீங்களே."

"மஞ்சள் துணி கட்டின கேன் எப்படிங்க மாறும்? அதுக்கு முந்தின சனிக்கிழமை குழாய்க்காரர்கிட்ட நீங்க சண்டை போட்டீங்க, கேனை விளிம்பு வரைக்கும் நிரப்பலைன்னு. அதைப் பார்த்தேன். மறுவாரம் அதே கேனை எடுத்துக்கிட்டுத் தெருமுனையில நின்னேன், நீங்க என்னையும் திட்ட வருவீங்கன்னு."

இதை நம்பலாமா? அழகாக இருந்தது. அழகாக இருப்பதாலேயே நம்பக்கூடாது என்று ஒரு குரல் சொன்னது. அது ரெமேயின் குரல் அல்ல, என்னுடையதுதான்.

"ஒண்ணு கேக்கறேன். இதைக் கல்யாணத்துக்கு முன்னாடி சொல்றதா இருந்தீங்களா, அப்புறமா?"

அவர் கீழே கல்லைப் பார்த்தார். ஒரு பெண்ணிடம் சொல்ல எத்தனையோ நல்ல பதில்கள் இருந்தன.

"அப்புறம்," என்றார்.

அவர் சொன்னதிலேயே நான் முழுதாக நம்பிய முதல் வார்த்தை அது.

"ஞாயித்துக்கிழமை வாங்க," என்றேன். "எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லணும். அதுக்கப்புறம் என் பதில்." நடக்கத் தொடங்கியபோது ஞாபகம் வந்தது. "வெயில் எதுவரைக்கும் நிக்கும்னு எதுக்குக் கேட்டீங்க?"

"திராட்சை வச்சிருந்தவன் வேற எதைக் கேப்பான்?" என்றார், ஒன்றும் புரியாமல்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கஸ்பாச்சோ சமைத்தேன். நத்தை போட்டேன். அவருக்காக விட்டுவிடலாமா என்று யோசித்து, வேண்டுமென்றே போட்டேன். ஹினேஸ் உறிஞ்சினான். பொர்ரோன் சுற்றிவந்தது. ரெமே இனிக்க இனிக்கக் கேட்டாள்: "மாப்பிள்ளைக்குக் கிளாஸ் எடுத்துட்டு வரட்டுமா? இல்ல, ஸ்ட்ராவா?"

பிளாஸ் துண்டை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டார். பொர்ரோனை வாங்கி அண்ணாந்தார். பாதி உள்ளே போனது, பாதி தாடிக்குள். ரெமே சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். ஹினேஸ் கையிலிருந்த நத்தை அப்படியே நின்றது. பிளாஸ் எல்லாவற்றையும் சொன்னார். சுருக்கமாக, நிறுத்தி நிறுத்தி. மறுபடி வரக்கூடும் என்று வைத்தியர் சொன்னதையும் சொன்னார். அதை என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

ஹினேஸ் நத்தையைத் தட்டில் வைத்தான்.

"அப்போ சோலார் கம்பெனி இல்லையா?" என்றாள் ரெமே. அவள் குரலில் ஏமாற்றம்கூட இருந்தது.

"எந்தக் கம்பெனி?" என்றார் பிளாஸ்.

ஹினேஸ் தொண்டையைச் செருமினான். "யெக்லாக்காரன் பொர்ரோன்ல சிந்தறதுக்கு வாதம் ஒரு காரணமா? வாதம் இல்லாதவனே அங்க சிந்துவான்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கலாமா என்று பயந்து என்னைப் பார்த்தான். பிளாஸ் சிரித்தார். இந்த முறை கை தாடிக்குப் போகவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கோணலாக, அசிங்கமாக, முழுதாகச் சிரித்தார்.

"அக்கா, நீ என்ன சொல்றே?" என்றான் ஹினேஸ்.

பிளாஸ் துண்டால் வாயைத் துடைத்திருந்தார். ஆனால் மரத்த பக்கத்தில், தாடியின் விளிம்பில், ஒரு சொட்டு ஒயின் தங்கியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. என் கை மேசையிலிருந்து எழும்பிவிட்டது. துண்டின் எந்த நுனி, எந்த அழுத்தம், எல்லாம் அதற்குத் தெரியும். நான் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அவரைப் பற்றியதே அல்ல என்று அப்போது தோன்றியது. இவர் தாதியைத் தேடி வந்தாரா என்று சந்தேகப்பட்டேனே, என் கை நோயாளியைத் தேடிக்கொண்டிருக்கிறதா?

கையைக் கீழே இறக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"கட்டிக்கறேன்," என்றேன். "ஆனா ஊட்டிவிட மாட்டேன். சிந்தினா அவரே துடைச்சுக்கணும். விழுந்தா அன்னிக்கு யோசிச்சுக்கலாம்."

"நீங்க விழுந்தா?" என்றார் பிளாஸ்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. ரெமே வாய்விட்டுச் சிரித்தாள்.

பொர்ரோன் என் முறைக்கு வந்தது. அண்ணாந்து குடித்தேன். வெயிலும் அத்தியும் தொண்டையில் சூடாக இறங்கின. அதே குழாய், அதே கேன். சந்தேகம் முழுவதும் போய்விட்டதா என்றால், இல்லை. மஞ்சள் துணிக் கதையை இன்றுவரை நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை அதே கதையை அவர் குழாய்க்காரரிடம் கேட்டுப்பார்க்கச் சொன்னபோது, நான் கேட்கவில்லை.

குடித்து முடித்துப் பார்த்தேன். அந்தச் சொட்டு இன்னும் அவர் தாடியில்தான் இருந்தது. யாரும் துடைக்கவில்லை.